மேஸ்திரி சொன்ன சாட்சி

தோல் கம்பெனியின் பின்சுவர் ஓரமாகச் சேற்றில் ஒற்றை ரப்பர் பூட்ஸ் கிடந்தது. அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில், அங்கே வேலை பார்த்த என் தம்பியின் பெயர். கிடங்கிலிருந்து பதனிட்ட தோல் கட்டுகள் காணாமல் போயிருந்தன. வேறு சாட்சியே வேண்டாம் என்பதுபோலப் போலீஸ் அவன்மேல் வழக்குப் போட்டது. நிரூபணமானால் ஜெயில்.

புகார் கொடுத்தவர் கம்பெனி மேஸ்திரி. லீவு விஷயத்தில் அவருக்கும் தம்பிக்கும் ஏற்கெனவே ஆகாது. அவர் ராணிப்பேட்டை கோர்ட்டில் கூண்டேறியபோது, மனுஷன் தீர்த்துக்கட்டாமல் இறங்க மாட்டார் என்றே நினைத்தேன்.

"பூட்ஸ் அவனோடதுதாங்க. நான்தான் பேர் எழுதிக் குடுத்தேன்" என்றார்.

எங்கள் வக்கீல் எழுந்தார். "அன்னிக்கு இவர்தான் அதைப் போட்டிருந்தாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மேஸ்திரி யோசித்தார்.

"அது சொல்ல முடியாதுங்க. தோல் ஊறப்போடற டிரம்மு பக்கம் எப்பவும் தண்ணி. ஓட்டை பூட்ஸ் போட்டா மருந்துத் தண்ணி காலைப் புண்ணாக்கிடும். அதனால முன்னாடி வர்றவன் நல்ல ஜோடியா பாத்து மாட்டிக்குவான். பேரெல்லாம் யாரும் பாக்கறதில்ல. நானே இன்னொருத்தன் பூட்ஸைப் போட்டிருக்கேன்."

அரசு வக்கீலுக்கு எரிச்சல். "அப்போ இவர் எடுக்கலைன்னு சொல்றீங்களா?"

"இவன் மேல எனக்குச் சந்தேகம் ஜாஸ்திதாங்க. ஆனா யார் போட்டுட்டுப் போனாங்கன்னு நான் பாக்கல. பாக்காததை எப்படிச் சொல்றது?"

மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நானும்தான். அதுவரை மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த நேரத்தில் அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். தம்பி விடுதலையானான்.

சில வாரம் கழித்து பஸ் நிலையத்தில் மேஸ்திரியைப் பார்த்துக் கைகூப்பினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு எதுக்கும்மா கும்பிடு? உங்க தம்பி எடுக்கலைன்னு நான் எங்க சொன்னேன்?"

சுருக்கென்றது. பதிலுக்கு நாலு கேட்க வாய் துடித்தது. ஆனால் கூப்பிய கையை நான் இறக்கவில்லை. எங்களுக்கு வேண்டியவர் யாராவது அதே சாட்சியைச் சொல்லியிருந்தால் கோர்ட்டில் எடுபட்டிருக்காது. தம்பியைத் திருடன் என்றே நம்பியவர் சொன்னதால்தான் அவன் வீட்டில் இருக்கிறான்.