நான்கு சக்கரமும் இழுக்கும் லாரி

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டிலிருந்து கிளம்பினோம். ஆறாம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், 290-இல் மேற்கே திரும்பினால் பிரெனம் என்ற சிற்றூர். எழுபது மைலுக்குச் சற்று அதிகம். நான்தான் ஓட்டினேன். என் மனைவி வித்யா ஓசூரில் லாரித் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவள். போன வருடம் ஃப்ரீவேயில் அவள் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு டிரெய்லர் காரை உரசிவிட்டது. அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனால் முதல் உலகப்போர் லாரி ஒன்று இன்னும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும், போகலாம் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான்.

லாரி இருந்த பண்ணையின் சொந்தக்காரர் மார்த்தா, ஓய்வுபெற்ற நர்ஸ். தகரக் கொட்டகைக்குள் லாரி நின்றது: காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர்கள், கதவில்லாத இருக்கை. வித்யா தரையில் படுத்து அடியில் புகுந்துவிட்டாள்.

"இங்க பாருங்க, முன் ஆக்சிலுக்கும் இன்ஜின்லேர்ந்து ஷாஃப்ட் போகுது! அந்தக் காலத்துலயே!"

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் லாரிகள் பிரான்சின் சேற்றில் புதைந்தபோது இவை தாக்குப்பிடித்தன என்றார் மார்த்தா. ஒரே தொழிற்சாலையால் செய்து மாளாமல், அதே வரைபடத்தை வேறு கம்பெனிகளுக்கும் கொடுத்தார்களாம். தொழிற்சாலையில் புது லாரிகளை ஓட்டிச் சோதித்தவர்களில் பெண்களும் உண்டாம்.

"லேடீஸா?" வித்யா வெளியே தலையை நீட்டினாள்.

மார்த்தா முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினார். மூன்றாம் முறை இன்ஜின் உறுமியது. ஓட்டுநர் இருக்கையை வித்யாவுக்குக் காட்டினார்.

"நீங்க ஏறுங்க," என்றாள் என்னிடம்.

"நான் மாட்டேன்ப்பா. கிளட்ச் மிதிச்சே பல வருஷம் ஆச்சு."

இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு ஏறினாள். மார்த்தா பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தின நாள் மழையில் ஊறிய பள்ளத்தில் லாரி இறங்கியது. பின்சக்கரங்கள் புதைந்து சுழன்றன. மாட்டிக்கொண்டார்கள் என்றே நினைத்து ஓடினேன். முன்சக்கரங்கள் மண்ணைப் பற்றின. லாரி முனகியபடி மேட்டில் ஏறியது.

"முன்னாடி இழுக்குதுங்க! கையில தெரியுது!" என்று கத்தினாள்.

இறங்கியதும் இரு கைகளையும் உதறினாள். "பயமா?" என்றேன்.

"தெரியல. ஸ்டியரிங் செம வெயிட்."

மதியம் விடைபெற்றதும் கார் சாவிக்குக் கை நீட்டினாள். பண்ணைச் சாலையில் முப்பது மைல் வேகத்தில் ஓட்டினாள். பின்னால் வந்த பிக்கப் பொறுமையிழந்து முந்திப் போனது. 290-இல் ஏறுவதற்கு முன்னால், பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினாள்.

"ஃப்ரீவே இன்னிக்கு வேணாம். அடுத்த வாரம் ட்ரை பண்றேன்."

இடம் மாறி உட்கார்ந்தோம். ஹூஸ்டன் வரும்வரை அந்த முன் ஆக்சிலைப் பற்றியே பேசினாள். எங்கள் காரிலும் நான்கு சக்கரமும்தான் இழுக்கின்றன. இத்தனை வருடம் ஓட்டியும், ஒருநாள்கூட அது என் கைக்குத் தெரிந்ததில்லை.