சூடு காட்டாதே என்றவர்

டாக்டர் சிங்காரம் போய்விட்டார் என்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவருடைய கம்பவுண்டர் வந்து சொன்னார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் "அப்படியா" என்றேன். அவரைப் பற்றி இரங்கல் எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். நல்லதாக நாலு வரி எழுதுவேன் என்று நினைத்துக் கேட்டிருந்தால் அது அவர்கள் பிழை.

மனுஷருக்கு வாயைத் திறந்தால் ஏச்சுதான். நாடியைக் கையில் பார்க்கமாட்டார், பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நோயாளியின் கைவிரலை முகர்ந்துவிட்டு, "பீடி வேணுமா, காலு வேணுமா? ஒண்ணு சொல்லு" என்பார். அவரிடம் வைத்தியம் பார்த்த நீங்கள் எல்லாரும் இதைக் கேட்டவர்கள்தான்.

என் அண்ணன் மாமல்லபுரம் பஸ்ஸுக்கு டிரைவர். பிரேக்கை மிதித்தால் மிதித்ததே தெரியவில்லை என்று ஒருநாள் வந்து நின்றார். "காலு மரத்துக்கினே கீதுடா, ஜில்லுனு கீது" என்றார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது, பீடியை இன்றே விட்டால் கால் தப்பலாம் என்றார் டாக்டர். அண்ணன் அங்கேயே பீடிக் கட்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினார். அதற்குப் பிறகு தொடவே இல்லை.

படித்தவன் என்று டாக்டர் என்னை மட்டும் நிறுத்திவைத்தார். "வாத்தியாரே, அந்தக் காலுக்குச் சூடு காட்டக் கூடாது. ஒத்தடம், வெந்நீர் ஒண்ணும் வேணாம். அவனுக்குச் சூடு தெரியாது, வெந்துபூடும். வூட்ல சொல்லிடு." சொல்லிக்கொண்டே என் சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டை உருவி எச்சில் கிண்ணத்தில் போட்டார். வாசலில் என் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மார் நாலு பேர் நின்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் சொல்லி நான் கேட்பதா என்று, வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை.

அண்ணிக்கு என்ன தெரியும்? மரத்த காலுக்கு எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தார். மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். சூடு தெரிந்தால்தானே அண்ணன் காலை இழுத்துக்கொள்வார்? கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி டாக்டரை மறித்துக்கொண்டார். "ஒத்தடம் ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இவரு ஒண்ணுமே சொல்லல அண்ணி" என்றேன்.

"கட்டு நனையாம பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. ஊரையே ஏசிய அந்த வாய் அன்றைக்கு எங்கே போயிற்று? 'பொய் சொல்றான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். சாவுச் சேதி கேட்டு அண்ணி "ஒழிஞ்சான்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது நான் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரு சேதிதான். அண்ணி, டாக்டர் சொன்னார். உங்களிடம் சொல்லச் சொல்லி என்னிடம்தான் சொன்னார்.