கைப்பிடி பொளிந்த கதை

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். மொன்றியலில் தை மாதக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட கையுறைக்குள் வியர்க்கும். வைத்தியர் அதைச் சுரப்பி என்றார், மனைவி பயம் என்றாள். எங்கள் கலியாண வாழ்க்கையில் எந்த வைத்தியரும் அவளை வென்று நான் கண்டதில்லை.

இப்படியான கையை வைத்துக்கொண்டு ஒருவன் பழகக்கூடிய விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. நான் பழகியது கைத்துப்பாக்கியால் குறி சுடுவது. நூலகத்தில் என்னோடு வேலைசெய்யும் ஒருவர் பத்து வருடங்களுக்கு முன் தன்னுடைய சுடும் கழகத்துக்கு என்னை விருந்தாளியாகக் கூட்டிப்போனார். மறுத்தால் கோபிப்பார் என்றுதான் போனேன். அன்று அதைக் கையில் வாங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த வருடங்கள் முழுக்க நான் துவக்கை வாய்ப்பக்கத்தால்தான் பார்த்திருந்தேன். யார் யாரோ பிடித்திருந்தார்கள், நாங்கள் எதிரே நின்றோம். பிடிப்பக்கம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வகுப்பு, பரீட்சை, அனுமதிப்பத்திரம், பூட்டுப்பெட்டி என்று எல்லாம் முறைப்படி முடித்து ஒன்று வாங்கினேன். சனிக்கிழமைக் காலைகளில் கடதாசி வட்டத்தைச் சுடுவேன். கடதாசி அடையாள அட்டை கேட்காது.

"ஏன் கனடாவுக்கு வந்தனீங்கள் எண்டு இமிகிரேஷனில கேட்டவங்கள். துவக்குக்குப் பயந்து எண்டு சொன்னனீங்கள்," என்றாள் மனைவி. "இப்ப அவங்கள் வீட்டுக்கு வந்தால் நான் என்னத்தைச் சொல்ல?"

"பயம் தெளிஞ்சிட்டுது எண்டு சொல்லும்."

"அப்ப கை ஏன் வேர்க்குது?"

பதில் இல்லாத கேள்விகளை அவள் தேத்தண்ணியோடு தருவாள்.

மற்றவர்கள் கையில் சுண்ணத்தூள் பூசிக்கொண்டு சுடுவார்கள். போன இலையுதிர்காலத்தில் என்னுடையது முடிந்துபோயிற்று. எங்கள் சுவாமித்தட்டில் எல்லாக் கோயில்களிலிருந்தும் வந்த திருநீற்றுப் பொட்டலங்கள் குவிந்திருக்கும். அவற்றை எறியவும் முடியாது, தீர்க்கவும் முடியாது. இரண்டு பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தூள் தூள்தானே.

முதல் பத்துச் சூடு அருமை. பிறகு வியர்வை வந்தது. உலர்ந்த திருநீறு கைக்கு நல்லது, குழைத்த திருநீறு நெற்றிக்கு மட்டுந்தான் நல்லது என்பதை நான் அன்று கற்றேன். குண்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் துப்பாக்கியை மேசையில் வைக்கப்போனேன். அது மீன் மாதிரி வழுக்கி மேசையில் மோதி நிலத்தில் விழுந்தது. வரிசை முழுதும் சுடுவதை நிறுத்தியது.

சுடுதளப் பொறுப்பாளர் ஒரு கியூபெக் அம்மணி. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆனால் குரல் ஓய்வு பெறவில்லை. துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார். விரலில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியது.

"மெஸ்யூ, இது என்ன?"

"சாம்பல், மடாம்."

"எதனுடைய சாம்பல்?"

என்னுடைய பிரெஞ்சு அலுவலகப் பிரெஞ்சு. அதில் சாணத்துக்கு இடமில்லை. "மாடு," என்றேன்.

"மாட்டை எரித்த சாம்பலா?"

"ஐயோ, இல்லை. மாடு உயிரோடு இருக்கும். அது பின்பக்கத்தால் தருவதை எரித்தது."

அவர் விரலை என் துவாயில் துடைத்தார். சிரித்தவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, இன்னொருமுறை கையிலிருந்து நழுவினால் நிர்வாகக் குழுவுக்கு எழுதுவேன் என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். கழகம் போனால் துப்பாக்கி வைத்திருக்கக் காரணம் போகும். காரணம் போனால் துப்பாக்கியும் போகும். நாட்டில் கைத்துப்பாக்கி விற்பதையும் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள், இருப்பவர் இருப்பதை வைத்திருக்கலாம், அவ்வளவுதான். இது போனால் இந்தப் பிறவியில் எனக்கு இன்னொன்று இல்லை.

கூட்டிப்போன நண்பர் வழி சொன்னார். பிடி பிளாஸ்டிக்தானே, சோல்டரிங் அயனால் புள்ளி புள்ளியாகச் சுட்டுச் சொரசொரப்பாக்கு. ரப்பர் உறை போட்டால் பிடி தடித்துவிடும், என் சின்னக் கைக்குச் சரிவராது. ஆனால் பிளாஸ்டிக் சுவர் ஒரு மாரி பிஸ்கட் அளவு தடிப்புத்தான். அயன் ஒரு கணம் கூட நின்றால் ஓட்டை. என்னுடையதில் பிடியும் உடலும் ஒரே வார்ப்பு. பிடி பழுதானால் துப்பாக்கியே பழுது. நழுவவிட்டால் அம்மணி பறிப்பார், நழுவாமல் செய்யப்போனால் நானே கெடுப்பேன்.

பழகிப் பார்க்கக் கழிவறைத் தூரிகை ஒன்று புதிதாக வாங்கி, அதன் பிடியைச் சுட்டேன். குழி குழியாக வந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, அம்மி பொளியிறியளோ?"

இரண்டு கிழமையாக இதற்கான ஆங்கிலச் சொல்லையும் பிரெஞ்சுச் சொல்லையும் தேடிப் படித்துக்கொண்டிருந்தவன் நான். வேலையும் நூலகத்தில். அம்மி கொத்துகிறவர்களின் இந்தச் சொல் என் தலையில் எங்கேயோ கிடந்திருக்கிறது, அட்டவணையில் மட்டும் ஏறவில்லை.

"உப்பிடி ஆழமாக் கொத்தினால் மிளகாய் குழிக்குள்ள நிண்டிடும்," என்றாள். "கல்லில சும்மா தொட்டுத் தொட்டு எடுக்கவேணும். ஒரு இடத்தில நிக்கக் கூடாது."

"நீர் எப்ப பொளிஞ்சனீர்?"

"பொளிய வந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்தனான்."

தூரிகையின் மற்றப் பக்கத்தில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். மணல் ஒட்டியதுபோல வந்தது. இன்று எங்கள் வீட்டில் மிக உறுதியாகப் பிடிக்கக்கூடிய பொருள் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை உண்மையான வேலை. சுடுகுழாயையும் மேற்பகுதியையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். தொடர் இலக்கத் தகட்டின் மேல் தடித்த நாடா ஒட்டினேன், அந்த இலக்கம் அழிந்தால் குற்றம். பிளாஸ்டிக் மணக்குமே என்று பல்கனிக்குக் கொண்டுபோனேன். மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"உங்களுக்கு விசரோ? லாசாலில, பட்டப்பகலில, ஒரு கறுத்த மனிசன் பல்கனியில துவக்கோட இருக்கிறார். முன்வீட்டுக்காரி பொலிசுக்கு அடிக்கிறதுக்கு முதல் உள்ள வாங்கோ!"

அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கியின் கீழே, கத்தரிக்காய் பொரித்த சட்டிக்குப் பக்கத்தில் வேலை நடந்தது. பென்சிலால் எல்லை கீறி, ஓரத்திலிருந்து தொடங்கினேன். தொடு, எடு. தொடு, எடு. ஒரு பக்கம் முடிய ஒரு மணித்தியாலம். இரண்டாவது பக்கத்தில், பெருவிரல் பதியும் இடத்தில், அயனைப் பிடித்த கையே வியர்த்து வழுக்கியது. முனை புதைந்தது. இழுத்தேன். மணம் வந்தது.

பிடி உள்ளே கூடுதான், அதற்குள் விரலை விட்டுத் தடவினேன். உட்சுவர் சூடாக இருந்தது, ஆனால் வழவழவென்று முழுசாக இருந்தது. அரைவாசிதான் இறங்கியிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு மனைவி கிட்ட வந்தாள். "விடுங்கோ" என்றோ "நல்லாப் போச்சு" என்றோ சொல்லியிருக்கலாம். அந்தச் சாமானை ஒருநாளும் விரும்பாதவள், அயனை என் கையிலிருந்து வாங்கி, அதன் பிடியில் சமையல் துணியைச் சுற்றித் திருப்பித் தந்தாள்.

"இப்ப செய்யுங்கோ."

அதற்கடுத்த சனிக்கிழமை கழகத்தில் அம்மணி என் பின்னாலேயே நின்றார். தூள் எதுவும் பூசவில்லை. கை வழமைபோல வியர்த்தது. இத்தனை வருடமும் வியர்வை நிற்கவேண்டும், நின்றால்தான் நான் பிடிப்பக்கத்து ஆள் என்று நினைத்திருந்தேன். அது நிற்கவில்லை. ஈரம் புள்ளிகளுக்கிடையில் எங்கோ போய் இருந்துகொண்டது, பிடி கையிலேயே இருந்தது. முப்பது சூடும் முடித்து, குண்டு கழற்றி, மேசையில் வைத்தேன். சத்தமே இல்லை.

அம்மணி துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

"நீங்களே செய்ததா?"

"மனைவியும் நானும்."

"அவர் சுடுவாரா?"

"வாயால் மட்டும், மடாம்."

தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கையிலிருந்த தாளில் எதுவும் எழுதவில்லை.

வீட்டுக் கதவைத் திறக்க முதலே கேள்வி வந்தது.

"விழுந்ததோ?"

"இல்லை."

"சூடு பட்டதோ?"

"பட்டது."

"நடுவிலயோ?"

"நடுவுக்குக் கிட்ட."

"எவ்வளவு கிட்ட?"

"லாசாலுக்குக் கர்க்லாண்ட் கிட்டத்தானே, பஸ்ஸில ஒரு மணித்தியாலம்."

கையைக் காட்டச் சொன்னாள். புள்ளிகள் இன்னும் மறையவில்லை. பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் கை வேர்க்குது, அதுதான் படேல்லை எண்டு சொன்னனீங்கள்," என்றாள். "இனி என்ன சாட்டுச் சொல்லப்போறியள்?"