பத்து லட்சத்து ஒன்று

எழுபதுகளின் கடைசியில், பி.எட். முடித்த கையோடு, பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் வேலைக்காக இன்டர்வியூ போனேன். வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் வருகிற முகூர்த்தத்திலேயே பரிசம். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எனக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

தலைமையாசிரியை கேட்டது ஒரே கேள்வி. "பத்து லட்சத்து ஒண்ணு, பகா எண்ணா இல்லையா?"

"பகா எண்தான் மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் மொய் எழுதினாலும் சரி, பரிசம் போட்டாலும் சரி, முழுத்தொகைக்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்துத்தான் வைப்பார்கள். ஒன்று சேர்ந்தால் பிரியாது என்பது பேச்சு. அதைக் கேட்டே வளர்ந்த வாய், படித்த புத்தியை முந்திக்கொண்டது.

"வெளிய உக்காந்து வகுத்துப் பாத்துட்டு வாங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மூன்றால் வகுத்தேன், மீதி இரண்டு. ஏழு, பதினொன்று, பதிமூன்று, எல்லாவற்றுக்கும் அதே இரண்டு. இதென்னடா கூத்து என்று பார்த்தால் பதினேழுக்கு மீதி பத்து, பத்தொன்பதுக்குப் பன்னிரண்டு. ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. தொண்ணூற்றேழு வரை முட்டிப் பார்த்தேன். முறைப்படி ஆயிரம் வரை போக வேண்டும், எவளுக்குப் பொறுமை? அடுத்து நிற்பது நூற்றொன்று. போயும் போயும் மொய்ப்பணத்தை வைத்து யாராவது வகுப்பார்களா? எழுந்து உள்ளே போய், பகா எண்தான் என்று மறுபடியும் சொன்னேன்.

அவர் அதே தாளில் எழுதிக் காட்டினார். நூற்றொன்றை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றால் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்று.

"நூத்தியொண்ணுக்கு முன்னாடி ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டார். தாளை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டவுன் பஸ் சிம்மக்கல் வருவதற்குள் மற்ற மொய்த் தொகைகளையும் உடைத்துப் பார்த்தேன். பத்தாயிரத்து ஒன்று எழுபத்து மூன்றால் போகிறது. ஆயிரத்து ஒன்று ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று மூன்று துண்டு. அப்படியானால் எங்கள் ஆட்கள் இத்தனை காலம் எதை நம்பி அந்த ஒரு ரூபாயைச் சேர்த்தார்கள்? யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை.

வேலை வரவில்லை. பரிசத் தட்டில் ஆயிரத்து ஒன்று வைத்திருந்தார்கள். மாமியாராக வரப்போகிறவர், "ஒத்த ரூவா சேத்திருக்கு, இனி பிரியாது" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஏழால வகுபடும், அத்தை" என்றேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். அத்தைக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சபையைப் பார்த்து, "பாருங்க, இப்பவே ஏழு சென்மத்துக்கும் சேத்துக் கணக்குப் போடுது எம் மருமக" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தட்டு கை மாறியது. நூற்றொன்றால் ஒரே ஒரு தடவை வகுத்துப் பார்த்திருந்தால், அந்த நேரத்தில் நான் பசுமலையில் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருப்பேன்.