காற்று வாங்கப் போன குஞ்சம்மாள்

திருச்செங்கோட்டில் கடலை மண்டி வைத்திருந்த கந்தப்பன் கார் வாங்கிய சங்கதி, ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் அவர் பெண்டாட்டி குஞ்சம்மாளுக்குத் தெரிந்தது. ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது தள்ளிவிட்டுப் போன பழைய வண்டி. அது வாசலில் வந்து நின்றபோது அவள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குங்க?"

"காத்து வாங்க" என்றார் கந்தப்பன்.

குஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடி பிறந்தால் கூரை ஓட்டைத் தூக்கிப்போடுகிற காற்று வீசுகிற ஊர் அது. அதை விலை கொடுத்து வாங்கப் போகிறாராம் மகராசன்.

ஆனாலும் அவளுக்குள் ஓர் ஆசை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு சங்ககிரிச் சந்தைக்குப் போனவள் அவள். மாட்டு முதுகுக்கு மேலாகச் சாலை விரிவதைப் பார்த்துக்கொண்டே போவது அவளுக்குப் பிடிக்கும். வாழ்க்கைப்பட்ட பிறகு கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடுவில்தான் அவள் பயணமெல்லாம். அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஆசை ஊர் எல்லை தாண்டவில்லை. பெரிய இடத்துப் பெண்கள் திரை போட்டுக்கொண்டுதான் காரில் போவார்கள் என்று எவனோ கந்தப்பனுக்குச் சொல்லியிருந்தான். பின்சீட்டைச் சுற்றிக் கெட்டிக் காக்கித் துணியை இறுக்கிக் கட்டியாயிற்று. பருத்திக் காட்டில் நாள் முழுக்க முக்காடில்லாமல் நின்றவளுக்கு, காருக்குள் மட்டும் கோஷாத் திரை. சேலம், மேட்டூர், அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காட்டு அடிவாரம் என்று எத்தனையோ முறை போனாள். எல்லா ஊரும் ஒரே மாதிரி இருந்தன. காக்கித் துணி மாதிரி.

முன்சீட்டில் டிரைவர் சின்னப்பராஜுக்குப் பக்கத்தில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த கந்தப்பனாவது எதையாவது பார்த்தாரா என்றால் அதுவும் கிடையாது. மலையை அவர் பார்க்கவே மாட்டார். தம்மை யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். ஆள் இல்லாத சாலையில் தூங்குவார். நாலு பேர் நிற்கிற இடம் வந்ததும் எழுந்து, "மெதுவாப் போ. ஆரனை அடி" என்பார். பங்களாக்கள் இருக்கிற வீதியானால் ஒன்றுக்கு இரண்டு முறை சுற்றி வரவேண்டும். வீட்டுக்கு வந்ததும், "ஆகா, என்னா காட்சி!" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் அளப்பார்.

உலகச் சண்டைக் காலம் வந்து பெட்ரோலுக்கு அளவு வைத்தார்கள். மற்றவர்கள் காரை மூடிவைத்தார்கள். கந்தப்பன் வண்டிக்குப் பின்னால் ஒரு பெரிய கரி உருளையைப் பொருத்தினார். கரியை எரித்து வருகிற வாயுவில் வண்டி ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்சீட்டுக்காரிக்கு முதுகில் அடுப்பு, மூக்கில் புகை.

"மலை மேலேயே போவோம்" என்றார் ஒருநாள்.

"எசமான், கரிக்கு மேடு ஏற இழுவை பத்தாதுங்க" என்றான் சின்னப்பராஜ்.

"நீ ஓட்டு. காரு என்னுது."

மலைப்பாதையில் பாதி ஏறியதும் வண்டி இருமி நின்றது. டிரைவர் பிரேக்கை விட்டு எழ முடியாது. விட்டால் வண்டி பின்னால் உருண்டுவிடும்.

"கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க எசமான்."

"நான் தள்ளறதை எவனாச்சும் பாத்தா என்ன நெனைப்பான்?" என்ற கந்தப்பன் பின்னால் திரும்பினார். "ஏ புள்ள, எறங்கித் தள்ளு."

குஞ்சம்மாள் இறங்கினாள். கொதிக்கிற உருளையில் கை படாமல் ஓரமாகப் பிடித்துத் தள்ளினாள். வண்டி எள்ளளவும் அசையவில்லை. உள்ளே கோட்டு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தது.

அப்போது மேலேயிருந்து ஆரஞ்சுக் கூடைகள் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று இறங்கி வந்தது. ஓட்டி வந்தவன் மாதையன். கூடைகளுக்கு நடுவே அவன் மனைவி பழனியம்மாள்.

"ஏனுங்கம்மா, வண்டி பழுதாயிருச்சுங்களா?" என்று பழனியம்மாள் கேட்டாள்.

"வண்டி தேவலைங்க. உள்ள உக்காந்திருக்கறதுதான் பழுது" என்றாள் குஞ்சம்மாள். முந்தானையில் கரியைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் நகந்துக்குங்க, நானும் வாரேன்."

கந்தப்பன் கூப்பிடக் கூப்பிட மாட்டுவண்டி வளைவு திரும்பியது. அங்கேதான் அவள் முதன்முறையாகப் பார்த்தாள். கீழே சேலம், தென்னந்தோப்புகள், வெயிலில் மின்னுகிற ஏரிகள், அதற்கப்பால் தன் ஊர்த்திசையில் நீலமாக ஒரு குன்று. இத்தனையையும் காக்கித் துணிக்கு வெளியே வைத்துவிட்டல்லவா இந்த மனுஷன் இத்தனை வருஷம் என்னை இழுத்துக்கொண்டு திரிந்தான் என்று அவளுக்கு வயிறெரிந்தது. பழனியம்மாள் உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றபடி அடிவாரம் வரை பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கிருந்து பஸ் ஏறி ராத்திரியே வீடு சேர்ந்தாள்.

கந்தப்பன் மறுநாள் மத்தியானம்தான் வீடு வந்து சேர்ந்தார்.

"என்ற மானத்தையே வாங்கிப்போட்டயே!"

"மானம் காருக்குள்ளதானுங்க இருந்துச்சு. நான் வெளியில நின்னு தள்ளீட்டிருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. சின்னப்பராஜும் லாரி ஓட்டப் போய்விட்டான். சண்டை முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கந்தப்பன் வேறு டிரைவர் வைத்துக்கொண்டு, "வா, போலாம்" என்று கூப்பிட்டார்.

"நான் முன்னால உக்காந்துக்கறேன். நீங்க திரைக்குள்ள உக்காந்து வாங்க" என்றாள். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

ஆடிப்பெருக்குக்கு அவள், ஆரஞ்சு வண்டியில் வந்த நாள் முதல் பழக்கமாகிவிட்ட பழனியம்மாளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பஸ்ஸில் மேட்டூர் போனாள். ஜன்னலோரத்தை விட்டு நகரவில்லை. அணையில் பொங்கி விழுகிற தண்ணீரைச் சோறுண்ணவும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்ததும், காரில் மேட்டூருக்குப் பலமுறை போய்வந்த கந்தப்பன் கேட்டார்: "அங்க அப்படி என்னதான் இருக்குது?"

"தண்ணி" என்று சொல்லிவிட்டுக் குஞ்சம்மாள் உலை வைக்கப் போனாள்.