அஞ்சலையின் வெக்கை

விடுப்பில் ஊருக்குப் போன முதல் வாரம், ஒரு மதியம் சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தேன். விழித்துப் பார்த்தால், என் மனைவி அஞ்சலை ஃபிரிட்ஜ் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதையும் எடுக்கவில்லை, தேடவும் இல்லை. முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சாமி முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. நான் மஸ்கட்டில் ஏசியும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கிறவன். அதே தொழிலில் தலை நரைத்தவன். என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்.

"கதவ மூடு அஞ்சல. கம்ப்ரசர் பூடும்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "கம்ப்ரசர் பூட்டா நீ செஞ்சுடுவ. நான் பூட்டா யாருய்யா செய்வா?"

என்னைப் போல வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு நம் போன் பேச்சைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சாப்டியா, பசங்க நல்லா கீறாங்களா, மழை பெஞ்சுதா. அங்கிருந்தும் இதே கேள்விகள்தான் திரும்பி வரும். உடம்பு சரியில்லை என்றால் சரியான பிறகுதான் சொல்வோம். இருவரும் அப்படித்தான். தூரத்தில் இருப்பவர் தவித்துப் போவாரே என்று. அதனால் அஞ்சலை ஒரு வருஷத்துக்கு முன்பே, "வூட்டுல ஒரே வெக்கையா கீதுய்யா, தாங்கல" என்று சொன்னபோது, நான் எங்கள் வீட்டு ஏசியில் கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, வீடியோ காலில் நானே பக்கத்தில் நிற்பது போல வேலை சொன்னேன். கேஸ் ஏற்றினார். வெக்கை போகவில்லை என்றாள். ஸ்டெபிலைசரை மாற்றச் சொன்னேன். ஜன்னலுக்குக் கனமான திரை போடச் சொன்னேன். அவளும் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் செய்தாள். தன் உடம்பைப் பற்றி அவள் சொன்னதை நான் சுவரில் மாட்டிய பெட்டியைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன். வேறு தொழில் செய்கிறவனாக இருந்திருந்தால் ஒருவேளை முன்பே புரிந்திருக்கும்.

இதே மாதிரி இங்கே மஸ்கட்டிலும் ஒன்று நடந்தது. ஒரு ஓமானி வீட்டில், என் வயதுடைய ஓர் அம்மாள் "ஹார், ஹார்" என்று ஏசியைக் காட்டினார். ஹார் என்றால் சூடு. ஃபில்டரைக் கழுவினேன், கேஸ் அழுத்தம் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அறை குளிரில் என் பற்கள் கிட்டின. "மாஃபி முஷ்கில்" என்றேன், ஒரு கோளாறும் இல்லை என்று. அந்த அம்மாள் சிரித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அப்போதும் எனக்கு விளங்காமல் ரிமோட்டைச் சரிபார்த்தேன். கடைசியில் அவர் மகள் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னாள்: மெஷினில் ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு இது மாதவிலக்கு நிற்கிற வயது, உடம்புதான் எரிகிறது. தாயும் மகளும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்பின் தெரியாத மெக்கானிக்கிடம் இதைச் சொல்கிறார்களே என்று எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலையைப் பார்த்தபோதுதான் அந்த அம்மாள் நெஞ்சைத் தட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது.

நான் ஊருக்குப் போனதே அவளுடைய ஆபரேஷனுக்காகத்தான். மாதாமாதம் உதிரப்போக்கு நிற்காமல் போகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு கிளினிக்கில் சொல்லி, தேதியும் குறித்துவிட்டார்கள். அதை அவள் போனில் என்னிடம் சொல்லவில்லை. என் அக்கா கன்னியம்மாதான் சொன்னாள். அக்காவுக்குச் சில வருஷங்களுக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. "புள்ள பெத்தாச்சு, அப்பால அது இன்னாத்துக்குடா? பேஜாரு புடிச்ச சாமான்" என்றாள்.

போய்ப் பார்த்தால் வீடே புதிது. முன்பு போனபோது நாங்கள் கடற்கரைக் குப்பத்தில் இருந்தோம். இடையில் எல்லோரையும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். எல்லா பிளாக்கும் ஒரே அச்சு, ஒரே நிறம். டீ வாங்கப் போய்த் திரும்பியவன் பக்கத்து பிளாக்கில் ஏறி, யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டு நின்றேன். கதவைத் திறந்த பெண், "எந்தக் குப்பம்ணா?" என்று மட்டும் கேட்டார். அங்கே தினமும் யாராவது இப்படித் தவறிப் போய்க் கதவைத் தட்டுவார்கள் போலிருக்கிறது. குப்பத்தில் அஞ்சலை மீன் ஏலம் விடுகிறவள். படகு கரை ஏறினால் அவள் குரல்தான் முதலில் கேட்கும். இப்போது கடலுக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டும். அந்த உடம்போடு அவளால் முடியவில்லை. பசங்கள் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார்கள். ஏழாவது மாடியில், லிப்ட் ஓடும் நாளில் கீழே இறங்குவாள், ஓடாத நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள். நான் மட்டும் ஊரை விட்டுப் போனவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்காவது அறையில் நாலு பேர் இருந்தார்கள், பாஷை தெரிந்தவர்கள்.

ஆபரேஷனுக்கு ஊசி போடும் முன் ரத்தம் பார்த்தார்கள். மிகவும் குறைவாக இருந்தது. ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று தாம்பரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அங்கே பெண்கள் உள்ளே போக, ஆண்கள் எல்லோரும் வாசலில் பைக் நிறுத்தும் இடத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் ஊர் வழக்கம் அது. நானும் பாதுகாப்பாக ஒரு ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்றேன். நர்ஸ் வெளியே வந்து, "அஞ்சலை வூட்டுக்காரரு யாரு? உள்ள வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஏசி மாட்டப் போனபோது ஆண்கள் தங்கள் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே போனேன்.

அந்த மருத்துவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், தூக்கம் எப்படி, பகலில் யாரிடம் பேசுவீர்கள், கடைசியாக எப்போது சிரித்தீர்கள். அஞ்சலைக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுக்கும் கர்ப்பப்பைக்கும் இன்னா டாக்டரம்மா?"

"கர்ப்பப்பை தனியா நடந்து வரலையேம்மா. உங்ககூடதான வந்திருக்கு."

 அஞ்சலை மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வூட்டு வெளிய கைப்பிடிச் சுவரு கீது. அதண்ட நிக்கவே பயமா கீது டாக்டரம்மா. உயரத்துக்கு இல்ல. எம்மேலதான் பயம்."

 அவள் துணி உலர்த்த என்னை அனுப்பியது, நடையில் வீட்டுப் பக்கத்துச் சுவரோடு ஒட்டியே நடந்தது எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.  மருத்துவர் அதிரவில்லை. எப்போதெல்லாம் அப்படித் தோன்றுகிறது என்று, சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"வெக்கை வந்து போனப்பால. உடம்பு சில்லுனு ஆயி, மனசுல ஒண்ணியும் இல்லாம பூடும்."

"இத வாய விட்டுச் சொன்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம். உங்களுக்குப் பைத்தியம் எல்லாம் இல்லம்மா. இந்த வயசுல ஹார்மோன் ஏறி இறங்கும். அதுகூட ரத்தம் இல்ல, தூக்கம் இல்ல, பேச ஆளும் இல்ல. இவ்ளோ சேர்ந்தா யாருக்கு வேணா இப்படி ஆகும். சரி பண்ணலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், இப்போதைக்கு இவங்க தனியா இருக்க வேண்டாம். ஒரு விஷயம் சொல்லுங்க. இவங்க முன்னாடி எப்படி இருப்பாங்க?"

பெண்கள் மருத்துவரின் அறையில் நின்று மனைவியைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. ஐந்தாம் வகுப்பில் கேள்வி கேட்டால் நிற்பது போல நின்றேன். "ஏலம் விடுவா மேடம்" என்றேன். "அவ கூவுனா கடல்ல கீற படகு சீக்கிரம் வந்துரும்."

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாருங்க டாக்டரம்மா, இத்தினி வருசத்துல எங்கிட்ட ஒரு வாட்டி சொன்னது இல்ல" என்று சிரித்தாள். சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. மருத்துவர் அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார்.

சில பரிசோதனைகள் எடுத்தார்கள். தைராய்டு குறைவு. கர்ப்பப்பையில் ஒரு சின்னக் கட்டி, ஆனால் கெட்டது ஒன்றும் இல்லை. ஆபரேஷனும் ஒரு வழிதான், தேவைப்பட்டால் செய்யலாம், ஆனால் முதலில் ஆளைத் தேற்றுவோம் என்றார். ரத்தத்துக்கு ஊசி, தைராய்டுக்கும் உதிரப்போக்குக்கும் மனசுக்கும் மாத்திரை, வாராவாரம் உட்கார்ந்து பேச அங்கேயே ஒரு கவுன்சிலர். தினமும் நடக்க வேண்டும், யாருடனாவது. ஓர் அறை குளிரவில்லை என்றால் ஏசி மெக்கானிக்குகள் நாங்களும் கேஸை மட்டும் பார்க்க மாட்டோம். வெயில் எந்தப் பக்கம், கதவில் இடுக்கு உண்டா, கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று எல்லாம் பார்ப்போம். எனக்குத் தெரிந்த அளவில் அப்படித்தான் அதைப் புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், இரண்டு பிளாக் தள்ளி இருக்கும் அக்கா கன்னியம்மா வந்து பிடித்துக்கொண்டாள். "தேதி குறிச்ச ஆபரேசன உட்டுட்டு வந்துகீறீங்க. டாக்டரு இன்னாதான்டா சொன்னா?"

"நடக்கச் சொன்னாங்கக்கா. கீரை, முட்டை துன்னச் சொன்னாங்க. அப்பால பேசச் சொன்னாங்க."

"பேசச் சொன்னாளா? இத சொல்ல ஒரு படிப்பு. எனக்கு எடுத்தாங்களே, நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"சாவல" என்றாள் அஞ்சலை. "ஆனா மார்கழில கூட ஃபேனுக்குக் கீழயே படுக்கறியேக்கா, அது இன்னா?"

அக்கா தரையில் உட்கார்ந்தாள். என்னை வெளியே போ என்று கண்ணால் காட்டினாள். நான் நடையில் போய் நின்றேன். அந்த வீட்டில் நடை வரைக்கும் எல்லாம் கேட்கும். "எனக்கும் எரியும்டி. எடுத்ததுலருந்து எரிஞ்சிகினுதான் கீது. யாரண்ட சொல்றது? அதான் எடுத்தாச்சேம்பாங்க." அஞ்சலை என்னவோ முணுமுணுத்தாள். இருவரும் நீண்ட நேரம் பேசினார்கள். அடுத்த வாரம் தாம்பரம் போனபோது அக்காவும் பஸ்ஸில் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை.

கம்பெனியில் கேட்டு விடுப்பை நீட்டிக்கொண்டேன். அஞ்சலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. நல்ல நாள் இரண்டு வந்தால், எழுந்திருக்கவே பிடிக்காத நாள் ஒன்று வந்தது. அந்த நாட்களில் நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு வரும். முதலில் தூக்கம் திரும்பியது. பிறகு பசி. சாயங்காலங்களில் அவளும் அக்காவும் பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கப் போனார்கள். பிளாக்கில் வேறு வேறு குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, அஞ்சலை கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கீழே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். துண்டோடு நடைக்கு ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா? கீழ் வூட்டுப் பொண்ணு காயப்போட்ட பாவாடைய நாயி இஸ்துகினு போவுது, சொல்ல வாணாமா?" என்றாள்.

நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அவளோடு கடற்கரைக்குப் போனேன். அவளோடு முன்பு மீன் விற்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் இடம் விட்டார்கள். மணலில் கொட்டிய ஒரு கூடை மீனுக்கு ஏலம் கூவினாள். முதல் குரல் உடைந்து பாதியில் நின்றது. யாரும் அவசரப்படவில்லை. இருமி, காறித் துப்பிவிட்டு, மறுபடியும் கூவினாள். இந்த முறை காக்காய்கள் எழுந்து பறந்தன.

இப்போது மறுபடியும் மஸ்கட்டில் இருக்கிறேன். ஆபரேஷன் பற்றி அடுத்த பரிசோதனையில் பேசுவார்கள். எடுத்தாலும், தேறிய ஆளாகப் போய்ப் படுப்பாள். போனில் நான் சாப்டியா என்று கேட்பதை விட்டுவிட்டேன். தூங்குனியா என்று கேட்கிறேன், மனசு எப்படி கீது என்று கேட்கிறேன். முதலில் என் அறையில் இருப்பவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் நடைபாதைக்குப் போய், தாழ்ந்த குரலில், அதையே தன் வீட்டில் கேட்டார்.

அவளுக்கு இருட்டத் தொடங்கும் நேரத்தில் எனக்கு இன்னும் வெயில். நேற்று ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தபோது, நடை போகிற வழியிலிருந்து கூப்பிட்டாள். காதில் போனை மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். யாருடி போன்ல என்று பின்னால் பெண்கள் கேட்டார்கள். அஞ்சலை நின்றாள் போலிருக்கிறது. தொண்டையைச் செருமினாள். பிறகு ஏலக் குரலை எடுத்தாள்.

"மஸ்கட்டுல ஒரு ஆளு கீறான், ஏசி மெக்கானிக்கு, பேசத் தெரியாது, யாருக்கு வோணும், கேளு, கேளு, கேளு..."

ஒரே சிரிப்பு. என் அக்காவின் சிரிப்பும் அதில் இருந்தது. யாரும் விலை கேட்கவில்லை. "சரி, போணியாவல. நானே எடுத்துக்கறேன்" என்றாள் அஞ்சலை.

வெளிப்பெட்டியின் அனல் காற்று என் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. காதில் ஏரிக் காற்று இரைந்தது. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு காற்றிலும் அப்படியே நின்றேன்.