புதன்கிழமைச் சர்க்கரை

நர்ஸ் வேலையில் ஊசி குத்துவதற்கு இரண்டு விநாடி போதும். குத்திய மருந்து உள்ளே போய் என்ன செய்யுமோ என்று நாள் முழுக்கக் கவலைப்படுவதுதான் உத்தியோகம். என்னோடு வெள்ளைச் சேலை கட்டிக் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் சொல்லப்போகிறவளைப் போல உங்களுக்கும் ஒரு நோயாளி வந்து வாய்த்திருப்பாள்.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் இருபது கட்டில் கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தனிப் பயிற்சிக்காக என்னை ஒரு வருஷம் சென்னைக்கு அனுப்பினார்கள். கணையம், சிறுநீரகம், நரம்பு, கண் என்று மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். பெரிய டாக்டர் புதன்கிழமைகளை எனக்கு ஒதுக்கினார். முதல் புதன்கிழமையே மாரமங்கலத்திலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். இருபத்து நாலு வயது. பதினைந்து வயதிலிருந்து இன்சுலின். ஒரு கர்ப்பம் ஐந்தாம் மாதம் கலைந்திருந்தது. இன்னொன்று ஒன்பதாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. நான் கணையத்தைப் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சக்கரை இருந்தா இருந்துட்டுப் போவுட்டுங்க நர்ஸம்மா. எனக்கு ஒரு புள்ள வேணுங்க."

பழுத்த நிறம்

அப்போது வீட்டில் சர்க்கரை பார்க்க ஒரே வழிதான் இருந்தது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்பு வந்தால் மிக அதிகம். சின்னப்பொண்ணு ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் பார்த்து, வந்த நிறத்தை மட்டும் அடுத்த புதன்கிழமை சொன்னால் போதும் என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த புதன் வந்தாள். உதடு காய்ந்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது, வழியில் நாலு இடத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஏழு நாளும் சிவப்பாம். காப்பிக் காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பச்சை என்றால் காய், சிவப்பு என்றால் பழம், பறிக்க லாயக்கு. நிறத்தின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, அந்த நிறங்கள் அவளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவே இல்லை. உடனே கட்டிலில் படுக்க வைத்து நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினேன். சென்னையில் நான் வாங்கிய மார்க்கெல்லாம் அன்றைக்கு வெட்கமாக இருந்தது. ஊசி மாட்டிய கையை அசைக்காமல் அவள் கேட்டாள்: "நல்லாப் பழுத்துருக்குன்னு நானே சந்தோசப்பட்டனுங்களே, அப்ப இனிமே காயாவே இருக்கோணுங்களா?"

மூன்று மாதம்

கர்ப்பம் தரித்த பிறகு சர்க்கரையைக் குறைப்பது பாதி வேலைதான். குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடும். தாய்க்கே அப்போது விஷயம் தெரிந்திருக்காது. அதனால் மூன்று மாதம் சர்க்கரை ஒழுங்காக நிற்கட்டும், அதற்கப்புறம் கரு தங்கட்டும் என்று அவள் புருஷன் பழனியிடம் சொன்னேன். குடும்பக் கட்டுப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தேன். மனிதர் தரையையே பார்த்துக்கொண்டு அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை. தப்பித்தவறி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மிளகுத் தோட்டத்துக் காவல் குடிசைக்குப் படுக்கையைக் கொண்டு போய்விட்டார். பெண்டாட்டியைப் புதன்கிழமை பஸ்ஸில் கூட்டி வரும்போதுதான் பக்கத்தில் உட்காருவாராம். இரண்டு பேரும் வெற்றிலை பாக்கு மாற்றப் போகிற புதுச் சம்பந்தம் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு என் முன்னால் நிற்பார்கள். பரிசோதனைச் சீட்டை நான் பார்த்து முடிக்கும் வரை பழனி மூச்சுக்கூட விடமாட்டார். பத்தாவது வாரம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்: "ஏனுங்க நர்ஸம்மா, இந்த வாரமாச்சும் நான் ஊட்டுக்குப் போலாங்களா?"

வெல்லத்துக்கு அடங்கிய சாமி

அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே காப்பிப் பழம் பறிக்கும் காலமும் வந்துவிட்டது. காலையில் போட்ட ஊசி அதே அளவு, சாப்பிட்ட களியும் அதே அளவு. ஆனால் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிக் கூடை சுமக்கிற உடம்பு, இரத்தத்திலிருக்கிற சர்க்கரையைத் தானே எடுத்துச் செலவழித்துவிடும். இதுவும் என் மூன்றாவது நோட்டில் இருந்தது. சீசனுக்கு ஊசியைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

நடுப்பகலில் சின்னப்பொண்ணுவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாய் குழறியிருக்கிறது. அம்மன் வந்துவிட்டாள் என்று கூடப் பறித்தவர்கள் சூடம் கொளுத்திக் குறி கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மகளின் கல்யாணம் எப்போது என்று கேட்டு, தை மாதம் என்று பதிலும் வாங்கிவிட்டாளாம். பழனி ஓடி வந்து, நான் சொல்லி வைத்திருந்தபடி, மடியிலிருந்த வெல்லத்தை அவள் வாயில் திணித்திருக்கிறார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். குறி கேட்ட அம்மாள் அடுத்த புதன் அவளோடேயே வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அச்சு வெல்லத்துக்கு மலையேறுற சாமிய இப்பத்தானுங்க பாக்கறேன். அது சொன்ன தை மாசத்த நம்பலாங்களா?"

பத்து மிளகு

பொங்கல் கழிந்து கரு தங்கியது. எட்டாம் மாதத்தில் அவளை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டோம். போன குழந்தை அடங்கிப்போன காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் குழந்தையின் அசைவை எண்ணச் சொன்னேன். அசைவு குறைந்தால் உள்ளே மூச்சுக்குத் திண்டாடுகிறது என்று அர்த்தம். பழனி மடியில் கட்டிக்கொண்டு வந்த மிளகிலிருந்து ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்றை எடுத்து டம்ளரில் போடுவாள். பத்து சேர வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் மூன்று மிளகோடு நின்றுவிட்டது. அவள் அழவில்லை. டம்ளரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, பால் குடிக்க வைத்து, குழல் வைத்துக் கேட்டேன். இதயத் துடிப்பு இருந்தது. நாலாவது மிளகு விழுந்தது, ஐந்தாவது விழுந்தது. பத்தாவது விழுந்தபோது, பக்கத்துக் கட்டிலில் கால் புண்ணோடு படுத்திருந்த எஸ்டேட் ரைட்டரின் சம்சாரம் மூடி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள்: "அப்பாடா, இனி நாங்களும் ரெண்டு வாய் சாப்புடலாமுங்க."

நாலு கிலோ

பிரசவத்துக்கு நானும் கூடவே சேலத்துக்கு இறங்கினேன். ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. நாலு கிலோ, கன்னம் இரண்டும் பொதபொதவென்று. வார்டே வந்து கொஞ்சியது. எனக்கு அந்த எடைதான் கவலையாக இருந்தது. தாயின் சர்க்கரை கொடி வழியாகப் போகப் போக, குழந்தையின் உடம்பு அதற்கு ஈடாக இன்சுலினைச் சுரந்து பழகியிருக்கும். கொடியை அறுத்ததும் சர்க்கரை நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். குண்டுக் குழந்தையை எதற்கு நோண்டுகிறாய் என்றார் அங்கிருந்த மூத்த சிஸ்டர்.

கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்தக் குதிகாலைக் கையில் பிடித்திருந்தபோது இது என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று மனசு ஏங்கியது. அதை இங்கே மறைத்துப் பிரயோஜனமில்லை. சென்னையில் கொடுத்தனுப்பிய இரத்தச் சர்க்கரைப் பட்டைகள் சிலவற்றைக் கொண்டுபோயிருந்தேன்; ஒன்றில் இரத்தத்தை வைத்தேன், நிறம் மாறவே இல்லை, சர்க்கரை அவ்வளவு கீழே. குழந்தையின் கை துடிக்க ஆரம்பித்திருந்தது. மூத்த சிஸ்டரே ஓடிப்போய்க் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்து வந்தார். அந்தச் சின்ன நரம்பை ஒரே குத்தில் பிடித்தவரும் அவர்தான். நாலாம் நாள் குழந்தை தாயிடம் போனது. கிளம்பும்போது சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பட்டையில நாலஞ்சு எனக்குக் குடுத்துட்டுப் போங்க சிஸ்டர்."

வராத புதன்கிழமைகள்

அதற்கப்புறம் சின்னப்பொண்ணு வரவில்லை. பழனி மட்டும் வந்து இன்சுலின் குப்பியை வாங்கிப் போவார். கேட்டால் குழந்தை குப்புற விழுகிறது, தவழ்கிறது என்பார்; அவளைப் பற்றிக் கேட்டால், இருக்கிறாள் என்பார். நான் அவளுக்காக ஏங்கினேன். மாரமங்கலம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால், கையில் யார் கால் புண் இருந்தாலும் கண் வாசலுக்குப் போய்விடும்.

பத்தாம் மாதம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நீல மருந்துப் புட்டியைத் திறந்தே மாதக்கணக்காகிவிட்டதாம். ஊசியும் ஒரு வேளை உண்டு, ஒரு வேளை இல்லை. கண்ணைப் பரிசோதித்த டாக்டர் உள்ளே இரத்தப் புள்ளிகள் விழ ஆரம்பித்துவிட்டன என்றார். வந்த கோபத்தில் நான் திட்டித் தீர்த்தேன். ஒரு வருஷம் ஒரு வேளை தவறாமல் போட்டவளுக்கு இப்போது என்ன கேடு என்று கேட்டேன். குழந்தை என் தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதன் கையை மெதுவாக விடுவித்துவிட்டுச் சொன்னாள்: "புள்ளைக்குன்னு போட்டப்ப வலிக்கலைங்க நர்ஸம்மா. எனக்குன்னு போட்டா நொம்ப வலிக்குதுங்க."

மூன்று நோட்டுப் புத்தகத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் தொடையில் போடாமல் வயிற்றில் மாற்றிப் போட்டுப் பார் கண்ணு, அங்கே வலி குறைவு என்று மட்டும் சொல்ல முடிந்தது என் ஒரு வருஷத் தனிப் படிப்புக்கு.